விழுவதற்கு முன்

மயக்கம் தெளியும்போது முதலில் திரும்பி வருவது காதுதான் என்று தனசேகரன் சொன்னான். கண் திறக்காது, விரல் அசையாது, எங்கே கிடக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. காது மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும். அன்று காலை சிராங்கூன் ரோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவன் முகம் குப்புற விழுந்து, முன்பல் பாதி உடைந்து, உதடு கிழிந்து கிடந்தபோது அவன் காதுக்கு முதலில் வந்தது ஓர் ஆளின் குரல். "வாய மோந்து பாரு லா. கிராணியாரு காலங்காத்தாலயே ஏத்திட்டாரு போல." யாரோ குனிந்து மோந்தும் பார்த்தார்கள்.

அவனுடைய வெள்ளைச் சட்டையில் இருந்த ரத்தத்தை உப்புத் தண்ணீரில் கசக்கிக்கொண்டே பாக்கியலட்சுமி இதைக் கேட்டாள். பல்லைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. மோந்து பார்த்தவனின் மூச்சில் பீடி வாடை அடித்தது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அவன் முனிசிபல் ஸ்டோரில் கிராணி. மேசையில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. மற்ற நேரத்தில் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளன். அவர்கள் மாடியில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்த தெருவுக்குப் பின்னால், ஒரு சந்தில் கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளன்று மத்தியானத்துக்கு மேல் சந்துக்கு வெளியே, கடைகளை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஆட்கள் படுத்துக் கிடப்பார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவார்கள். அதே இடத்தில் தனசேகரன் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசுவான். "நிமிர்ந்து நில்லுங்கள்! தமிழன் தரையில் கிடக்கலாமா?" என்று கேட்கும்போது அவன் குரல் லேசாக உடையும். மேடையில் பேசிப் பழகியவனின் உணர்ச்சி என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும். ஜொகூரில் ஒரு தோட்டத்தில், இப்படித் தரையில் கிடந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிவரச் சின்ன வயதில் தினம் போனவன் அவன் என்பது பாக்கியலட்சுமிக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் துரைசாமி அவனைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து சிவப்பு மருந்து பாதியளவு இருந்த புட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் நிறுத்தினார்.

"கழுத்துல மருந்து இருக்கா?"

"இல்ல" என்றான் தனசேகரன்.

டாக்டர் புட்டியைப் படுக்கவைத்தார். மருந்து ஓடி வந்து கழுத்தை நிரப்பியது.

"இவ்வளவுதான் சமாச்சாரம். இருதயம் நல்லா இருக்கு. வலிப்பு கிடையாது. ரொம்ப நேரம் நின்னா, வெயில் அடிச்சா, வயிறு காலியா இருந்தா உங்களுக்கு ரத்தம் கீழயே தங்கிடுது. தலைக்கு வரல. கண்ணு இருட்டுதுன்னா உடனே படுத்துடணும். காலை ஒசரத்துல தூக்கி வச்சிக்கணும். நேரத்துல படுத்துட்டா நினைவே தப்பாது."

"எங்க இருந்தாலுமா?"

"எங்க இருந்தாலும்."

"ரோட்டுல?"

"நடுரோட்டுல பஸ் வரும். ஓரமாப் படுங்க" என்றார் டாக்டர். பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. தனசேகரன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்தான். எளிதில் விழுந்துவிடக்கூடிய ஒரு பெண்ணைப்போல அவளைத் தனக்கு உட்புறமாக, வாகனம் படாத பக்கமாக நடக்கவிட்டான். விழப்போகிறவன் தான் என்பதை அவன் மறந்துவிட்டதுபோல இருந்தது.

"டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?" என்றாள்.

"அவரு கார்ல வர்றாரு, கார்ல போறாரு. அஞ்சடியில யாரு படுப்பாங்கன்னு அவருக்குத் தெரியாது."

"பல்லு போனதோட போச்சு. அடுத்த தடவ மண்ட போச்சுன்னா?"

ஒரு பூக்கடையைத் தாண்டியதும் அவன் சொன்னான். "விழுந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது, பாக்கியம். படுத்தா எல்லாம் கேக்கும்."

அன்றிலிருந்து அவள் அவனைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மயக்கம் சொல்லிக்கொள்ளாமல் வருவதில்லை. முதலில் ஒரு கொட்டாவி. பிறகு இன்னொன்று. மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. காது மடல் மெழுகுவர்த்தி நிறத்துக்குப் போகும். அதற்கு அப்புறம் அவன் எதையாவது தேடுகிறவன்போலக் கையைப் பக்கவாட்டில் நீட்டுவான். கொட்டாவிக்கும் கைக்கும் நடுவில் இருப்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம். வீட்டில் என்றால் அவன் சொன்னபடி கேட்பான். பாயில் படுத்து, காலைத் தகர டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துக்கொள்வான். சுவரில் ரெடிஃபியூஷன் வானொலிப் பெட்டி பேசிக்கொண்டிருக்க, மடல் மெல்லச் சிவப்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். வாசலைத் தாண்டினால் அவன் நின்றுதான் ஆவான். தூணைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, விழுகிற கடைசி நொடிவரைக்கும் நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் அது வந்தது. அவன் காலையில் காப்பி மட்டும் குடித்திருந்தான். ஆட்டிறைச்சிக் கடைக்கு முன்னால் கூட்டம். கூடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவன் கொட்டாவி விட்டான். பாக்கியலட்சுமி வெங்காயம் பொறுக்குவதை நிறுத்தினாள். இன்னொரு கொட்டாவி. அவள் போய் அவன் கையைத் தொட்டாள். ஐஸில் வைத்த மீன் மாதிரி இருந்தது.

"உக்காருங்க."

"ஒண்ணும் இல்ல."

"ஏங்க, உக்காருங்க."

"தலைவர் வர்றாரு" என்றான் அவன் உதடு அசையாமல்.

சங்கத் தலைவர் சுப்பிரமணியம் மீன் கடைப் பக்கமிருந்து வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்துகொண்டிருந்தார். துணிக்கடை முதலாளி. தண்ணீர் கலக்காத மோர்கூடக் குடிக்க யோசிப்பவர் என்று தெருவில் அவரைக் கேலி பேசுவார்கள். தனசேகரனின் காது மடல் வெளுத்துவிட்டது. அவன் வலது கை பக்கவாட்டில் எதையோ தேடி நீண்டது. கீழே சிமெண்டுத் தரை. கல்தூணின் விளிம்பு.

பாக்கியலட்சுமி யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் விழுந்தாள். அவளுக்கு விழத் தெரியவில்லை. முதலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, மீன் தண்ணீர் ஓடிய தரையில் கண்ணை மூடிப் படுத்தாள். பிடித்த கையை விடாததால் அவனும் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, குனிந்து, அவள் தோளில் நெற்றியை வைக்கும்படி ஆயிற்று.

"ஐயோ, பொம்பள விழுந்துட்டா! காத்து விடுங்க!"

"யாரு, கிராணியார் வீட்டம்மாவா?"

"அந்த மனுஷனப் பாருங்க, பதைப்புல மொகமே செத்துப்போச்சு. தலையத் தூக்க மாட்டேங்கிறாரு."

அவள் தோளில் அவன் நெற்றி வியர்த்துக் கனத்தது. அவனுடைய மூச்சை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அது சீரானது. யாரோ அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கீரை விற்கிற அம்மாள் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்தாள். பிறகு அவள் காதோரம் குனிந்து, ஆனால் மார்க்கெட்டுக்கே கேட்கும்படியாக, "முழுகாம இருக்கியா தாயி? எத்தன மாசம்?" என்றாள்.

பாக்கியலட்சுமி கண்ணைத் திறக்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு சந்தோஷமாக அவளிடம் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னால் பிறகு ஏன் விழுந்தாய் என்று கேட்பார்கள். அவன் நெற்றி இன்னும் தோளில்தான் இருந்தது.

"சொல்லவே இல்லையே, தம்பி!" என்று சுப்பிரமணியம் தனசேகரனின் முதுகில் தட்டினார்.

அவர்கள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி மாடிப்படி ஏறிவிட்டிருந்தது. எதிர் அறையில் இருந்த சம்சுன்னிசா வாசலிலேயே காத்திருந்தாள். அவள் கணவன் சைக்கிளில் துணி விற்பவன். நாலு பிள்ளைகள். பாக்கியலட்சுமியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். "ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான் புள்ள. எங்கிட்டகூட மறைச்சிட்டியே!" ஒரு தட்டில் மாங்காய்க் கீற்று, உப்பு, மிளகாய்த்தூள். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் பாக்கியலட்சுமி ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நன்றாக இருந்தது. இன்னொரு துண்டும் தின்றாள்.

கதவைச் சாத்தியதும் தனசேகரன், "சொல்லிடலாம்" என்றான்.

"என்னன்னு?"

அவன் வாயைத் திறந்தான். உடைந்த பல் தெரிந்தது. மூடிக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்களில் அவள் தண்ணீர் வாளியைத் தூக்க யாரும் விடவில்லை. பொதுக் குளியலறைக்கு வரிசையில் நின்றால் "நீ போம்மா" என்று முன்னால் அனுப்பினார்கள். மாடிப்படியில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கை கூடவே இறங்கியது. இதற்குமுன் விசேஷ வீடுகளில் அவளுக்குத் தாம்பூலம் கொடுக்கும்போது சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களே இப்போது நேராகப் பார்த்துச் சிரித்தார்கள். அது பொய் என்று தெரிந்தும் அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுகமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு நாள் சம்சுன்னிசா துவைத்து மடித்த பழைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். "நாலு புள்ளையும் இதுலதான் தூங்குச்சு. தூளிக்கு ஆகும். மெத்துனு இருக்கும் பாரு." பாக்கியலட்சுமி தடவிப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது.

நாள் தவறாமல் அவளுக்கு வரவேண்டியது வந்தது. எப்போதும் இது வரும்போது அவள் கொஞ்சம் அழுவாள், பிறகு வேலையைப் பார்ப்பாள். இந்த முறை அழ நேரம் இல்லை. துணியை மற்றவர்கள் குளியலறைக்கு வராத வேளை பார்த்து அலசி, ஈரத்தோடு துண்டுக்குள் சுருட்டி எடுத்துவந்தாள். பின்கட்டுக் கொடியில் போட முடியாது. மாடியில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் கொடி ஒரு செய்தித்தாள். கட்டிலுக்கு அடியில் கால்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டி அதில் போட்டாள். வெயில் படாமல், காற்றுப் படாமல் அது காயவே இல்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்த தனசேகரன் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தான். குனிந்தவன் உடனே எழுந்திருக்கவில்லை. அடுப்புப் பக்கம் இருந்த பாக்கியலட்சுமிக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. மயக்கமோ என்று பதறி வந்தாள். இல்லை. அவன் ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டி, கயிறு தளர்ந்து தரையைத் தொட்டிருந்த ஒரு நுனியை மட்டும் தூக்கிச் சரியாகப் போட்டான். பிறகு செருப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். சாப்பிடும்போது தலை நிமிரவில்லை.

மறுவாரம் சம்பள நாள். சந்து முனையில் கூட்டம். "நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் ஒரு புட்டியில் எலுமிச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். சுப்பிரமணியம் முதலில் பேசினார். வெகுநேரம் பேசினார். தனசேகரன் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். அஞ்சடியில் ஆட்கள் அதற்குள் கிடக்க ஆரம்பித்திருந்தார்கள். தனசேகரனின் ஸ்டோரிலேயே மூட்டை தூக்கும் செல்லக்கண்ணு ஒரு தூணை ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கையைக் கொடுத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கிராணியாரு எப்ப பேசுவாரு?" என்றான். "இவரு பேசுனா தூக்கம் வருது. அவரு பேசுனாத்தான் அழுக வருது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தனசேகரன் பெட்டியின் மேல் ஏறினான். தோழர்களே என்று ஆரம்பித்தான். முதல் சில வார்த்தைகள் சரியாகத்தான் வந்தன. நிமிர்ந்து நில்லுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வரும்போது அவன் வாயைக் கையால் மறைத்தான். இருமுகிறான் என்று கூட்டம் நினைத்தது. அது கொட்டாவி என்று பாக்கியலட்சுமிக்குத் தெரிந்தது. அவள் புட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இந்த முறை எங்கே விழலாம் என்று பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தால் அவன் இறங்கி வந்துவிடலாம். இரண்டு பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். இன்னொரு கொட்டாவி. மடல் வெளுத்தது. அவள் முழங்காலை மடக்கத் தொடங்கினாள்.

அவன் அவளைப் பார்த்தான். தலையை இல்லை என்று ஆட்டினான்.

பெட்டியிலிருந்து ஒரு காலை இறக்கி, அப்புறம் மற்றதை இறக்கினான். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"நீ விழாத" என்றான்.

பிறகு நாலு எட்டு நடந்து அஞ்சடிக்குப் போனான். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்த பேனாவைச் சரிபார்த்தான். செல்லக்கண்ணுவுக்குப் பக்கத்தில், வெற்றிலை எச்சில் காய்ந்த தரையில், மல்லாந்து படுத்தான்.

சாலையில் ஒரு பஸ் போனது. அப்புறம் எல்லாக் குரலும் ஒன்றாக வந்தன.

"அட, செயலாளரே கவுந்துட்டாருடா!"

"தமிழன் தரையில கெடக்கலாமா, கிராணியாரே?"

"வாய மோந்து பாருங்க லா!"

பாக்கியலட்சுமி அவன் கால்மாட்டில், வெயில் விழும் ஓரத்தில் உட்கார்ந்தாள். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, சப்பாத்துகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவன் இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளோரம் உயர்த்திச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்கள் திறந்துதான் இருந்தன. மேலே அஞ்சடியின் மரக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரத்தில் படுத்துவிட்டான். எல்லாம் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, நடுத்தெருவுல?" சுப்பிரமணியம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "ரெண்டு பேரு பிடிங்க. தூக்கி நிறுத்துங்க மொதல்ல!"

"தூக்காதீங்க" என்றாள் பாக்கியலட்சுமி. கூட்டத்தில் அவள் குரலை இதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அவளுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல இருந்தது. "நின்னா இவருக்கு ரத்தம் தலைக்கு ஏறாது. அதான் பல்லு ஒடைஞ்சது. படுத்தாத்தான் சரியாகும். படுத்திருக்கட்டும்."

"படுக்கிறதுக்கு இடமா இல்ல? சங்கத்துப் பேரு என்னம்மா ஆகிறது?"

சங்கத்துப் பேர் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது.

ஓர் ஆள் குனிந்து தனசேகரனின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனான். தனசேகரன் முகத்தைத் திருப்பவில்லை. வாயை நன்றாகத் திறந்து காட்டினான். அந்த ஆள் வெட்கப்பட்டவன்போல எழுந்து பின்வாங்கினான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சம்சுன்னிசா ஓடி வந்தாள். கையில் பிள்ளை. "அடியே பாக்கியம், இந்த மாதிரி நேரத்துல வெறுந்தரையில உக்காரலாமா? எந்திரி புள்ள, அவரை ஆம்பளைங்க பாத்துப்பாங்க."

பாக்கியலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலில் மடித்து வைத்திருக்கும் நூல்சேலை நினைவுக்கு வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோளில் சாய்ந்திருந்த காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முழுகாம இல்லக்கா" என்றாள். "அன்னிக்கும் மயக்கம் வந்தது இவருக்குத்தான்."

சம்சுன்னிசா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பாக்கியலட்சுமியின் பக்கத்தில் வந்து நின்றாள். வெயில் இப்போது பாக்கியலட்சுமியின் மேல் படவில்லை.

சத்தத்தில் அரைத்தூக்கத்திலிருந்து விழித்த செல்லக்கண்ணு பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். கண்ணைக் கசக்கி மறுபடி பார்த்தான். "கிராணி ஐயாவா?" என்றான். அவன் முழங்கையை ஊன்றி, மெதுவாக, உடம்பைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தினான். தன் துண்டை உருவித் தட்டி, காலியான இடத்தில் விரித்தான்.

"இப்படி வாங்க" என்றான். "இங்கதான் காத்து வரும்."

தனசேகரன் ஒரு சாண் நகர்ந்துகொண்டான். பாக்கியலட்சுமி அவன் காலுறையைப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் ஓட்டை. காலையில் தைத்திருக்க வேண்டும். அந்த ஓட்டை வழியே தெரிந்த விரல் வெளுத்திருந்தது. அவள் குனிந்து அவன் காது மடலைப் பார்த்தாள். நுனியில் மட்டும் லேசாகச் சிவப்பு வரத் தொடங்கியிருந்தது.